ஒரு நிலையம் முன்னதாக இறங்குங்கள்

2019-இன் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பது தெரிந்தது. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். இவர்களிடம் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவதில் பயனில்லை. விடியலில் கிளம்பி இருட்டியபின் வீடு திரும்புகிறவருக்கு வேலைக்குப் போகும் வழிதான் மிச்சம்.

உலகச் சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. போகும்போது 15, வரும்போது 15, வாரம் ஐந்து நாள் என்றால் கணக்கு நேராகிவிடும். கோலாலம்பூரில் கிளானா ஜெயா ரயில் தடத்தில் வந்து லெபோ அம்பாங்கில் வேலை செய்பவர், மஸ்ஜித் ஜாமேக் வரை போகாமல் பாசார் செனியிலேயே இறங்கி நடக்கலாம். பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக்கூடாது. அதுதான் சரியான வேகம். அப்படி நடக்கையில் தசைகள் இன்சுலினுக்குக் காத்திராமல் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. பசியாறியபின் நடந்தால் பலன் இன்னும் அதிகம்.

இன்சுலினோ கிளிக்லசைட் மாத்திரையோ எடுப்பவர்கள் பசியாறாமல் நடக்கவே கூடாது. கைநடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் சர்க்கரை இறங்குவதன் அறிகுறி. கோலாலம்பூர் புழுக்கத்தில் அதை வெயில் வியர்வை என்று நினைத்துத் தொடர்ந்து நடந்துவிடுவதுதான் ஆபத்து. உடனே உட்காருங்கள். இரத்தச் சர்க்கரை அளவு 4 mmol/L-க்குக் கீழே இருந்தால், அல்லது அளக்கக் கருவி இல்லையென்றால், மூன்று தேக்கரண்டி சீனியை அரை டம்ளர் நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

பலரும் கோட்டைவிடுவது கால்களில். கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் கடைக்குக் கடை தரைமட்டம் மாறும். சிலிப்பரில் நடந்தால் தடுக்கும். இனிப்புநீரால் உணர்ச்சி மரத்த பாதத்துக்குச் சப்பாத்துக்குள் கிடக்கும் சிறு கல்கூடத் தெரியாது, மாலையில் புண்ணாகத்தான் தெரியும். போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், விரல் நுனிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டுச் சப்பாத்து வாங்குங்கள். பிற்பகல் இடிமழையில் நனைந்த காலுறையோடு ரயிலில் உட்கார்ந்து வராதீர்கள். விரலிடுக்கு ஊறிப் பூஞ்சை பிடிக்கும். பையில் மாற்றுக் காலுறை எப்போதும் இருக்கட்டும். பாதத்தில் புண் இருந்தால், அது ஆறும்வரை நடை வேண்டாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சைக்கிளில் போகிறவர்களின் முழங்கால் வலிக்கு அடிக்கடி காரணமாவது தாழ்ந்த இருக்கை. மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் இருக்கையை இறுக்குங்கள். நிறுத்தியுள்ள கார்களிலிருந்து ஒரு மீட்டராவது விலகி ஓட்டுங்கள், கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் லாரியின் இடப்புறம் நுழையவே நுழையாதீர்கள்; ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது. மழையில் சாலைக்கோடுகளும் கால்வாய் மூடிகளும் வழுக்கும். அவற்றின்மேல் பிரேக் பிடிக்காமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

புகைமூட்டக் காலத்தில் கிளம்புமுன் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் அன்று அலுவலகத்துக்கு அருகிலுள்ள நிலையம் வரை ரயிலிலேயே போய்விடுங்கள்.