மெழுகுதிரி: சொல் விளக்கம்

ஊட்டி கடைவீதியில் 'கேண்டில் குடுங்க' என்றாலும் கிடைக்கும், 'மெழுகுவத்தி' என்றாலும் கிடைக்கும். ஆனால் கந்தல் குருசடிக்கு, அதாவது அங்குள்ள சிலுவைத் திருத்தலத்துக்குப் போகிற வழியில் நிற்கும் பாட்டிமார் வாயில் வருவது 'மெழுகுதிரி'தான். திருச்சிலுவையின் சிறு துண்டு ஒன்று அங்கே வைத்து வணங்கப்படுவதால் மலைக்குக் கீழேயிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்; வருகிறவர் கையில் ஒரு கட்டுத் திரி இருக்கும். மூன்று சொல்லில் எதை எழுதுவது என்று கேட்டால், என் கட்சி அந்தப் பாட்டிமார் கட்சி.

'கேண்டில்' இலத்தீனின் 'காந்தேலா'விலிருந்து வந்தது. 'ஒளிர்தல், வெண்மையாக மின்னுதல்' என்பது அதன் வேர்ப்பொருள். அந்தச் சொல் சுடரைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது. தமிழ்ச்சொல்லோ பொருளைப் பார்க்கிறது: மெழுகு, அதற்குள் திரி.

மெழுகு பழைய தமிழ்ச்சொல். 'தழலது கண்ட மெழுகது போல' உள்ளம் உருகுவதைத் திருவாசகம் பாடுகிறது. சித்த மருத்துவத்தில் குழைந்த பதத்தில் செய்யும் மருந்துக்கும் மெழுகு என்றே பெயர். திரி என்பது 'திரித்தல்' வினையோடு சேர்ந்தது. கயிறு திரிக்கிறோம், பஞ்சைத் திரித்து விளக்குக்குப் போடுகிறோம். 'வர்த்தி' வடமொழி. அதற்கும் சுருட்டியது, முறுக்கியது என்பதுதான் பொருள். அதுவே பேச்சில் வத்தி ஆகி, ஊதுவத்தியிலும் வத்திப்பெட்டியிலும் வாழ்கிறது. ஆக இரண்டுக்கும் பொருள் ஒன்றே. மெழுகுவர்த்தி தவறான சொல் இல்லை. ஆனால் நம்மிடம் திரி இருக்கும்போது வர்த்தி எதற்கு?

விவிலியத்தில் மெழுகுதிரியைத் தேடினால் ஏமாற்றம்தான். இயேசு காலத்துப் பாலஸ்தீன வீடுகளில் எரிந்தது எண்ணெய் விளக்கு. 'விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்காமல்' என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சொல்வது சரியான சொல்லாட்சி. அதே வசனத்தில் 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் 'கேண்டில்' என்று போட்டுவிட்டது. வெளிப்படுத்தலில் வரும் ஏழு பொன் குத்துவிளக்குகளும் எண்ணெய் விளக்கைத் தாங்குபவையே. மெழுகுதிரி பிறகு உரோமையர் பழக்கத்திலிருந்து சபைக்குள் வந்தது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித எரோணிமுஸ், கீழை நாட்டுக் கோவில்களில் நற்செய்தி வாசிக்கும்போது பட்டப்பகலிலும் திரி ஏற்றுவதைக் குறிப்பிட்டு, அது இருளை ஓட்ட அல்ல, மகிழ்ச்சியைக் காட்ட என்கிறார். 'வெளிச்சம் இருக்கும்போது எதற்குத் திரி?' என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இடைக்காலத்தார் மெழுகுதிரியின் மூன்று பகுதிக்கும் பொருள் சொன்னார்கள்: மெழுகு கிறிஸ்துவின் உடல், உள்ளிருக்கும் திரி அவர் ஆன்மா, சுடர் அவர் இறைத்தன்மை. மெழுகு என்று அவர்கள் சொன்னது தேன்மெழுகை. தேனீ கன்னியாகவே இருந்து மெழுகைத் தருகிறது என்று நம்பியதால், கன்னி மரியாவிடம் பிறந்தவருக்கு அது பொருத்தமாயிற்று. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பாரபின் 19ஆம் நூற்றாண்டில் வந்த பிறகும், பாஸ்காத் திரி, அதாவது ஈஸ்டர் என்னும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஏற்றும் பெரிய மெழுகுதிரி, பெரும்பகுதி தேன்மெழுகாக இருக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் விதித்திருந்தது. நீலகிரிக்காரர்களுக்கு இது எட்டாத சங்கதி அல்ல. இங்குள்ள பழங்குடியினரான குறும்பர்கள் காட்டுக்கொடி ஏணியில் செங்குத்துப் பாறையில் இறங்கி மலைத்தேன் எடுப்பவர்கள். தேன் பிழிந்த அடையை வெந்நீரில் உருக்கி வடித்து ஆறவிட்டால் மேலே மஞ்சளாகப் படிவதுதான் தேன்மெழுகு. மணத்தாலேயே கண்டுபிடித்துவிடலாம், பாரபினில் அந்த வாசனை வராது.

பாஸ்காத் திரியைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சிலுவை ஒன்று, மேலே கிரேக்க முதல் எழுத்து ஆல்ஃபா, கீழே கடைசி எழுத்து ஒமேகா, நான்கு மூலையிலும் அந்த ஆண்டின் நான்கு எண்கள். சிலுவையில் செருகிய ஐந்து சாம்பிராணி மணிகள் ஐந்து திருக்காயங்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவில், கோவிலுக்கு வெளியே மூட்டிய புதுத்தீயில் இதை ஏற்றி, இருட்டாயிருக்கும் கோவிலுக்குள் கொண்டுவருவார்கள். அதிலிருந்து மக்கள் கையிலுள்ள திரிகளுக்குச் சுடர் பரவும். தூய ஆவியின் வருகையைக் கொண்டாடும் பெந்தக்கோஸ்து வரை பீடத்தருகில் நிற்கும். பிறகு திருமுழுக்கின்போது குழந்தையின் திரிக்கு நெருப்புக் கொடுக்கும், அடக்கப் பூசையில் சவப்பெட்டி அருகே எரியும்.

பிப்ரவரி 2இல், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக்கிய விழாவன்று, திரிகளை மந்திரித்துப் பவனி வருவது கோவிலில் இருந்த முதியவர் சிமியோன் குழந்தை இயேசுவை ஒளி என்று அழைத்ததன் நினைவு. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஊட்டியில் அன்று பெரும்பாலும் மழையும் காற்றும்தான். கல்லில் நாலு சொட்டு உருக்கிவிட்டு அதன்மேல் திரியை நட்டு, இரு கையாலும் மறைத்துக்கொண்டு நிற்பார்கள். குளிரில் ஓரத்து மெழுகு உருகாமல் நடுவில் மட்டும் குழி விழும். காற்றடித்தால் ஒரு பக்கமே வழிந்து திரி சாய்ந்துவிடும். பக்கத்துக் கல்லறைக்காரர் திரியில் பற்றவைத்துக்கொள்வது அங்கே சாதாரணம்.

'கேண்டில் ஸ்டாண்டு' வேண்டாம். திரித்தண்டு போதும், விவிலியத்து விளக்குத்தண்டு அதற்கு முன்மாதிரி. கிறிஸ்துமஸ் நேரத்து அறிவிப்புகளில் 'கேண்டில் லைட் சர்வீஸ்' என்று அச்சடிக்கிற சபைகள் 'மெழுகுதிரி ஆராதனை' என்று போட்டால் யாருக்கும் புரியாமல் போகாது. பேச்சில் மெழுகுவத்தி இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்திலும் வழிபாட்டிலும் மெழுகுதிரி என்றே எழுதுவோம்.