கோடு ஏன் கொஞ்சம் முன்பே நின்றுவிடுகிறது? அனிமேஷன் மென்பொருளில் 15 வரி மாற்றத்தைச் சரிபார்ப்பது எப்படி

அனிமேஷனில் நொடிக்கு 24 ஃபிரேம். கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள். அப்படிப் பார்த்தாலும் நொடிக்கு 12 படம். ஒரே கன்னக் கோட்டை 12 தடவை வரைய வேண்டும். தனி ஓவியத்தில் கையின் லேசான நடுக்கம் அழகாகக்கூட இருக்கும். ஓடும் படத்திலோ அந்தக் கன்னம் சும்மா இருக்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். அதனால் வரையும் மென்பொருள்கள் கோட்டின் நடுக்கத்தைக் குறைக்க ஏதாவது ஒரு வழி வைத்திருக்கின்றன.

ஓப்பன்டூன்ஸ் அப்படிப்பட்ட ஒன்று. இத்தாலியின் டிஜிட்டல் வீடியோ நிறுவனம் உருவாக்கிய டூன்ஸ்தான் இதன் மூலம். ஜப்பானின் ஸ்டூடியோ ஜிப்லி 1990களின் நடுவிலிருந்து டூன்ஸைப் பயன்படுத்தி, தன் தேவைக்கேற்ப மாற்றியும் வைத்திருந்தது. ஜப்பானிய நிறுவனமான ட்வாங்கோ 2016 மார்ச்சில் அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டது. இன்று அதன் நிரல், நிரல்களைப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தி, 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். சேர்ப்பதற்கு முன் இன்னொருவர் அதைப் படித்துப் பார்ப்பார். அதுதான் கோட் ரிவ்யூ.

ஓப்பன்டூன்ஸ் பிரஷ்ஷில் 'ஸ்மூத்' என்ற அமைப்பு ஏற்கெனவே உண்டு. அதைவிட எளிமையாக நடுக்கத்தை அடக்கும் ஒரு ஸ்டெபிலைசரை யாரோ 15 வரியில் எழுதி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பேனா சொல்லும் கடைசி 9 புள்ளிகளின் சராசரியை எடுத்து, அந்த இடத்தில் கோட்டை வரை. இவ்வளவுதான் மாற்றம். 9 புள்ளிகளில் ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் விலகியிருந்தால் சராசரியில் இரண்டும் அடிபட்டுப் போகும், நடுக்கம் மறையும்.

ரிவ்யூ செய்பவர் கண்ணில் படுவது முழு நிரல் இல்லை. மாறிய வரிகள் மட்டுமே தெரியும்: நீக்கியது சிவப்பில், சேர்த்தது பச்சையில், அவற்றுக்கு மேலும் கீழும் வழக்கமாக மும்மூன்று பழைய வரிகள். வரையும் டூல்களில் வரும் பிரச்சினைகளில் பல அந்த மூன்று வரிக்கு அப்பால்தான் உட்கார்ந்திருக்கும். இந்த 15 வரியையும் எழுத்துக்கூட்டிப் படித்தால் தவறே கிடைக்காது. சராசரி சரியாகத்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது.

முதல் கேள்வி, '9 புள்ளி என்றால் எவ்வளவு நேரம்?' சாதாரண யூ.எஸ்.பி. மவுஸ் நொடிக்கு 125 தடவை தன் இடத்தைச் சொல்லும், அதாவது 8 மில்லிநொடிக்கு ஒரு தடவை. நொடிக்கு 200 தடவை சொல்லும் பேனா டேப்லெட்டில் அது 5 மில்லிநொடி. 9 புள்ளிகளின் சராசரி எப்போதும் அவற்றின் நடுப்புள்ளி வாக்கில் விழுவதால், கோடு பேனாவுக்கு 4 இடைவெளி பின்தங்கியே வரும். மவுஸில் 32 மில்லிநொடி, டேப்லெட்டில் 20.

மில்லிநொடிதானே என்று விட்டுவிட முடியாது. கயிற்றில் கட்டி இழுத்துப் போகிற கன்றுக்குட்டி தெருமுனை வரை வராமல் குறுக்கே வெட்டித் திரும்புமே, சராசரிக் கோடும் வளைவுகளில் அதையேதான் செய்கிறது. ஒரு கண்மணியை 0.2 நொடியில் சரக்கென்று சுழற்றி வரைகிறீர்கள். டேப்லெட்டில் அந்த வட்டம் 40 புள்ளி, புள்ளிக்குப் புள்ளி 9 பாகை. கணக்குப் போட்டால், சராசரிக்குப் பிறகு ஆரம் சுமார் 8 சதவீதம் சுருங்கியிருக்கும். மவுஸில் அதே வட்டம் 25 புள்ளிதான். சுருக்கம் 20 சதவீதத்தை எட்டிவிடும். கை ஒன்று, வேகம் ஒன்று, கண்மணி மட்டும் இரண்டு அளவு. எழுதியவர் தன் டேப்லெட்டில் சோதித்தபோது இது உறுத்தியிருக்காது. அதனால் ரிவ்யூவில் வரும் முதல் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'புள்ளிகளை எண்ணாமல், கடைசி இத்தனை மில்லிநொடிக்குள் வந்தவற்றை எடுக்கலாமா?'

அடுத்தது கோட்டின் முடிவு. ஓப்பன்டூன்ஸில் ஒவ்வொரு டூலும் மூன்று இடங்களில் பேனாவுக்குப் பதில் சொல்கிறது: அழுத்தும்போது லெஃப்ட்பட்டன்டவுன், இழுக்கும்போது லெஃப்ட்பட்டன்டிராக், எடுக்கும்போது லெஃப்ட்பட்டன்அப். நம் 15 வரியும் நடுவில் உள்ள டிராக்கில் மட்டுமே இருக்கிறது. பேனா நொடிக்கு 1000 பிக்சல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே எடுத்தால், 20 மில்லிநொடி பின்தங்கிய கோடு 20 பிக்சல் முன்பே நின்றுவிடும். கோடு குட்டையானால் போகட்டும், வட்டம் மூடாமல் போவதுதான் தலைவலி. அடுத்து வருபவர் பெயின்ட் வாளியை எடுத்து உள்ளே ஒரு கிளிக் செய்வார், வண்ணம் இடைவெளி வழியாகக் கசிந்து பின்னணி முழுவதையும் நிரப்பிவிடும். நொடிக்கு 12 படம் என்றால் எத்தனை வட்டங்களை உட்கார்ந்து அடைப்பது?

இதற்குத் தீர்வு இருக்கிறது. பேனா எடுபட்டதும், மிச்சம் நிற்கும் புள்ளிகளை 9, 8, 7 என்று சராசரியின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசிப் புள்ளியில் முடித்துவிடலாம். ஆனால் எடுக்கும் கணத்தில் பேனாவின் அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கும். கோட்டின் தடிமன் அழுத்தத்தைப் பொறுத்தது. இடத்துக்கு மட்டும் சராசரி எடுத்து அழுத்தத்தை அப்படியே விட்டால், சேர்த்த வால் கண்ணுக்கே தெரியாத மெல்லிழையாகிவிடும். வட்டம் கணக்குப்படி மூடியிருக்கும், பெயின்ட் என்னவோ கசியும்.

அழுத்தத்தையும் சரிசெய்தாகிவிட்டது. இப்போது கன்ட்ரோல்-இசட், அதாவது கடைசியாகச் செய்ததை நீக்கும் அன்டூ. பிக்சல் பிரஷ்ஷில் அன்டூ என்பது முழுப் படத்தின் நகல் இல்லை; அப்படி வைத்தால் நினைவகம் தாங்காது. கோடு விழப்போகும் பகுதியை மட்டும் சிறு சதுரங்களாகப் பழைய நிலையிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்த வேலையும் டிராக்கில்தான் நடக்கிறது. புதிதாக ஒட்டிய வாலுக்கு யாரும் சதுரம் எடுத்து வைக்கவில்லை என்றால், அன்டூ செய்ததும் கோடு மறையும், வால் மட்டும் தாளில் தங்கும். சரிபார்ப்பவர் திரையில் இதற்கான பச்சை வரி எதுவும் இருக்காது. எழுதாமல் விட்ட வரியை யார் சிவப்பில் காட்டுவது?

அந்தச் சதுரங்களின் எல்லையில் இன்னொரு பொடி விஷயம். எனக்கு இந்த வகை பக் (நிரல் பிழை) மீது ஒரு தனிப் பிரியம் உண்டு. ஓப்பன்டூன்ஸ் மேடையில் பூஜ்யம் நடுவில் இருக்கிறது, அதற்கு இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் எண்கள் எதிர்மறை. சி++ மொழியில் தசம எண்ணை நேரடியாக முழு எண்ணாக்கினால் அது பூஜ்யத்தை நோக்கி வெட்டும்: 10.7 என்பது 10 ஆகும், -10.7 என்பது -10 ஆகும். ஆனால் -10.7 விழும் பிக்சல் -11. மையத்திலிருந்து அளந்த இந்த எண்களையே வெட்டி எல்லை போட்டால் இடது ஓரத்தில் ஒரு பிக்சல் விட்டுப்போகும். வலது பாதியில் வரைந்து அன்டூ செய்தால் சுத்தமாக அழியும். இடது பாதியில் செய்தால் ஒரு மயிரிழைக் கறை நிற்கும். இதைப் புகாராக எழுதி அனுப்பும் ஓவியரை யார் நம்பப்போகிறார்கள்? கீழ்நோக்கி வெட்டும் ஃப்ளோர் என்ற செயல்கூற்றை அழைத்தால் போதும், ஒரே சொல் திருத்தம்.

இதே மாற்றத்தை அடுத்த பிரஷ்ஷுக்கும் காப்பி-பேஸ்ட் செய்யும் ஆசை வரும். ஓப்பன்டூன்ஸில் வெக்டர் (கோட்டைக் கணித வளைவாக வைப்பது), டூன்ஸ் ராஸ்டர், முழுவண்ண ராஸ்டர் (இரண்டும் பிக்சல்களாக வைப்பவை) என மூன்றுக்கும் தனித்தனி பிரஷ் நிரல்கள். நடுவில் உள்ளதுதான் வினோதம். அதன் பிக்சலுக்குள் நிறமே கிடையாது. 32 பிட்டில் 12 பிட் கோட்டு மையின் எண், 12 பிட் உள்நிரப்பு வண்ணத்தின் எண், மீதி 8 பிட் இரண்டும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்பது. 0 என்றால் முழுக்க மை, 255 என்றால் முழுக்க வண்ணம். ஒரு கதாபாத்திரத்தின் சட்டை நிறத்தைப் பேலட்டில் (வண்ணப் பட்டியலில்) ஒரு தடவை மாற்றினால் எல்லாப் படத்திலும் மாறுவது இதனால்தான். பதிலுக்கு, ஒரு பிக்சலில் இரண்டு மைகளுக்கு இடமில்லை. முழுவண்ண பிரஷ்ஷில் அரை ஒளிபுகும் வால் ஒட்டும் வரிகளை இங்கே அப்படியே கொண்டுவந்தால், சிவப்புக் கோடு கறுப்புக் கோட்டைக் கடக்கும் இடத்தில் ஓரங்கள் பிசிறடிக்கும்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நிரல் கம்பைல் ஆகிறதா (ஓடும் மென்பொருளாக மாறுகிறதா) என்று தானியங்கிச் சோதனை பார்த்துவிடும். கோடு கைக்கு இதமாக இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆகவே மாற்றம் சேர்க்கப்பட்ட சோதனைப் பதிப்பை வரையத் தெரிந்த ஒருவர் இறக்கி ஓட்டிப் பார்ப்பது நல்லது. மெதுவாக ஒரு கோடு, வேகமாக ஒன்று, நின்று நின்று ஒன்று, பெரிதாக்கி ஒன்று, சும்மா ஒரு புள்ளி. புள்ளி முக்கியம்: ஒரே ஒரு புள்ளியோடு பேனா எடுபட்டால் மிச்சப் புள்ளிகளைத் தேடும் சுற்று வெறும் பட்டியலில் கைவிட்டு மென்பொருளையே கவிழ்க்கக்கூடும்.

கடைசியில் ஒரு சிறு கேள்வி மிஞ்சும்: தொடக்க அளவு என்ன? ஓவியர்கள் தங்கள் பிரஷ் அமைப்புகளைப் பிரிசெட்டாகச் சேமித்து வைத்திருப்பார்கள். அந்தப் பழைய கோப்புகளில் இந்தப் புதிய எண் இருக்காது. அது இல்லாவிட்டால் 0, அதாவது சராசரி வேண்டாம், என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதினால், பாதி முடிந்த படத்தின் 40ஆம் படமும் 41ஆம் படமும் ஒரே மாதிரிக் கோட்டில் இருக்கும். அதற்கு இரண்டு வரி. ஆரம்பத்தில் 15 வரியாக வந்த மாற்றம் இதற்குள் 70, 80 வரியைத் தொட்டிருக்கும். சராசரி எடுக்கும் அந்த வரியில் மட்டும் ஒருவரும் கைவைத்திருக்க மாட்டார்கள்.