நட்சத்திரக் குறிக்கு விடைகொடுப்பது: கிளவுட் அனுமதிகளும் ஏஐ உதவியாளரும்

மருதானையில் உள்ள டிரேஸ் எக்ஸ்பர்ட் சிட்டியிலும் தெமட்டகொடையில் உள்ள ஒரியன் சிட்டியிலும் உட்கார்ந்து மென்பொருள் எழுதுபவர்களில் பலருடைய சேர்வர் இலங்கையிலேயே இல்லை. இணையம் வழியாகச் சேர்வர்களை வாடகைக்குக் கொடுக்கும் கிளவுட் சேவையான அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். நிறுவனத்துக்கு இங்கே ரீஜன், அதாவது தரவு நிலையத் தொகுதி, கிடையாது. கொழும்புக் கம்பனி ஒன்று அதைப் பாவிப்பதென்றால் 2010இல் தொடங்கிய சிங்கப்பூர், 2016இல் தொடங்கிய மும்பாய், 2022இல் தொடங்கிய ஹைதராபாத் போன்ற வெளிநாட்டு ரீஜன் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கட்டடத்துக்குள் நம்மில் யாரும் போகப் போவதில்லை. யார் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது முழுவதும் பொலிசி எனப்படும் சில வரி எழுத்தில்தான் இருக்கிறது. அதனால் அந்த வரிகளை யார் எழுதுகிறார், எப்படி எழுதுகிறார் என்பது எனக்கு முக்கியமான கேள்வி.

கிளவுட்டில் ஓடும் ஒரு புரோகிராமுக்குக் கடவுச்சொல் கொடுப்பதில்லை, ஒரு ரோல் கொடுப்பார்கள். புரோகிராம் அந்த ரோலை எடுத்துக்கொள்ளும்போது தற்காலிகச் சாவி ஒன்று கிடைக்கும். வேறு விதமாகச் சொல்லாவிட்டால், எடுத்துக்கொண்ட ரோலின் சாவி வழக்கமாக ஒரு மணித்தியாலத்தில் காலாவதியாகிவிடும். அந்தச் சாவியால் என்ன செய்யலாம் என்பதை ரோலோடு இணைத்த பொலிசி சொல்கிறது: அனுமதியா மறுப்பா, எந்தச் செயல், எந்தப் பொருளின் மேல். எதுவும் எழுதாவிட்டால் மறுப்புத்தான். ஓரிடத்தில் மறுப்பு என்று வெளிப்படையாக எழுதிவிட்டால், வேறெங்கு அனுமதி இருந்தாலும் அது செல்லாது.

வேலைக்குத் தேவையான அளவு மட்டும் அதிகாரம், அதற்கு மேல் ஒன்றும் கூடாது என்ற விதியை ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975லேயே தெளிவாக எழுதிவைத்தார்கள். விதி எல்லோருக்கும் தெரியும், ஆனால் கடைப்பிடிப்பவர் குறைவு. காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை, அந்த வேலை உண்மையிலேயே நுணுக்கமானது.

சம்பளச் சீட்டுத் தயாரிக்கும் ஒரு புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்3 என்பது ஏ.டபிள்யூ.எஸ்.இன் கோப்புச் சேமிப்புச் சேவை, பக்கெட் என்பது அதில் கோப்புகளைப் போட்டுவைக்கும் கொள்கலன். அப்படியான பக்கெட் ஒன்றில் இருக்கும் கோப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். பட்டியலிட ‘லிஸ்ட் பக்கெட்’ அனுமதி வேண்டும், அதைப் பக்கெட்டின் பெயர்மேல் எழுத வேண்டும். வாசிக்க ‘கெட் ஒப்ஜெக்ட்’ வேண்டும், அதைப் பக்கெட்டுக்குள் இருக்கும் கோப்புகள்மேல், அதாவது பெயருக்குப் பின்னால் சாய்கோடும், ‘எல்லாம்’ என்று பொருள்படும் நட்சத்திரமும் (*) போட்டு எழுத வேண்டும். இரண்டையும் மாற்றிப்போட்டால் ‘அக்சஸ் டிநைட்’ என்றுதான் வரும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புரோகிராம் கூப்பிடுவது ‘லிஸ்ட் ஒப்ஜெக்ட்ஸ்’, ஆனால் அந்தப் பெயரில் அனுமதியே இல்லை. ‘ஹெட் ஒப்ஜெக்ட்’ என்று கூப்பிட்டாலும் தேவைப்படுவது ‘கெட் ஒப்ஜெக்ட்’ அனுமதிதான்.

இரவு எட்டு மணி, நாளை காலை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும், பிழை விடாமல் வருகிறது. அந்த நேரத்தில் டெவலப்பர் செயலுக்கு எஸ்3 என்று எழுதிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறார், எந்தப் பொருள் என்ற இடத்திலும் இன்னொரு நட்சத்திரம். எல்லாச் செயலும் எல்லாப் பக்கெட்டும் திறந்துவிடும், பிழையும் போய்விடும். அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2019இல் அமெரிக்காவின் கப்பிட்டல் வன் வங்கியில் நடந்ததில் இதன் சாயல் உண்டு. தவறாக அமைத்த ஒரு ஃபயர்வோலின் (வெளியிலிருந்து வரும் தாக்குதலைத் தடுக்கும் மென்பொருளின்) ரோலைத் தாக்கியவர் கைப்பற்றினார். அந்த ரோலுக்குப் பக்கெட்டுகளைப் பட்டியலிடவும் வாசிக்கவும் அனுமதி இருந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 இலட்சம் பேரின் விபரம் வெளியே போனது. ஒரு ஃபயர்வோலுக்கு அந்தக் கோப்புகளால் ஆக வேண்டியது என்ன?

ஏஐ உதவியாளர் உண்மையாகவே கைகொடுப்பது இந்த இடத்தில். கிளோட் கோட், கிட்ஹப் கோபைலட் போன்ற, புரோகிராம் எழுத உதவும் ஏஐ கருவிகள் புரோகிராமை முழுக்க வாசித்து, எந்தெந்த வரியில் எந்தச் சேவையைக் கூப்பிடுகிறது என்று தேடி, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான அனுமதியை, கிளவுட் அமைப்பை எழுத்தில் வரையறுக்கும் கருவியான டெராஃபோர்மில் எழுதித் தரும். மனிதருக்கு அலுத்துப்போகிற வேலையில் அதற்கு அலுப்பு இல்லை. ஆனால் சில நேரம் ‘ஹெட் ஒப்ஜெக்ட்’ போல இல்லாத அனுமதியைக் கூச்சமில்லாமல் எழுதிவைக்கும். ஆகவே அது எழுதியதை, பொலிசிகளைச் சரிபார்க்கும் ஏ.டபிள்யூ.எஸ். கருவியான அக்சஸ் அனலைசரின் பரிசோதனைக்குள் விட வேண்டும். இல்லாத பெயரை அது பிடித்துவிடும்.

பழைய ரோல்களின் அனுமதிகளைச் சுருக்க இன்னொரு வழி, யார் எப்போது எதைச் செய்தார் என்று ஏ.டபிள்யூ.எஸ்.இல் பதியும் கிளவுட்ரெயிலின் லொக்கைப் பார்ப்பது. அதிகபட்சம் 90 நாள் லொக்கை வைத்து அக்சஸ் அனலைசரே ஒரு பொலிசியை உருவாக்கித் தரும். ஆனால் கோப்பு வாசிப்பது போன்ற எஸ்3 நிகழ்வுகளை, நாமாகச் சொல்லாவிட்டால் கிளவுட்ரெயில் பதிவதில்லை. அதோடு, 90 நாளுக்குள் நடக்காதது லொக்கில் இருக்காது. நமது வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஊழியருக்கான வருடாந்த வரிப் பிடித்தச் சான்றிதழை ஏப்ரலில் மட்டும் அச்சிடும் ஒரு வேலை இருந்தால், ஒக்டோபரில் லொக்கைப் பார்த்துச் சுருக்கிய ரோல் அதை நிறுத்திவிடும், அதுவும் புத்தாண்டு விடுமுறை நேரத்தில். கணக்குப் பகுதியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். லொக்குக்கு அது தெரியாது, ஏஐக்கும் தெரியாது.

சில அனுமதிகள் தனித்தனியே சாதுவானவை, சேர்ந்தால் ஆபத்து. ‘பாஸ் ரோல்’ என்பது கம்பனியின் கிளவுட் கணக்கில் இருக்கும் ஒரு ரோலை ஒரு சேவைக்குக் கொடுக்கும் அனுமதி. அது நட்சத்திரத்தோடு இருந்து, லெம்டா (சின்னப் புரோகிராம்களை ஓட்டித் தரும் ஏ.டபிள்யூ.எஸ். சேவை) ஃபங்ஷன் உருவாக்கி ஓட்டும் அனுமதியும் கூட இருந்தால், ஒருவர் தன்னிடமில்லாத பெரிய அதிகாரத்தை லெம்டாவுக்குக் கொடுத்து, அதன் வழியாகத் தான் நினைத்ததைச் செய்துகொள்ளலாம். பொலிசியை எழுதச் சொல்வதோடு நிறுத்தாமல், “இந்த ரோலை வைத்து இதைவிடப் பெரிய அதிகாரத்தை எட்ட முடியுமா?” என்று உதவியாளரிடம் கேட்டுப் பாருங்கள். என் பார்வையில், எழுதுவதைவிட இப்படித் துருவிப் பார்ப்பதில்தான் அதன் பயன் அதிகம்.

வங்கியில் ஒருவர் பதிவார், இன்னொருவர் அங்கீகரிப்பார். இரண்டையும் ஒரே ஆள் செய்வதில்லை. இங்கும் அதே முறை வேண்டும். உதவியாளர் வரைவை எழுதி புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை ஏற்கச் சொல்லும் கோரிக்கை) போடட்டும். வாசித்து அங்கீகரிப்பவர் மனிதராக இருக்க வேண்டும், கிளவுட்டில் அமுல்படுத்துவது அதற்கென்று இருக்கும் வேறொரு ரோலாக இருக்க வேண்டும்.

சரி, உதவியாளர் எந்த அதிகாரத்தோடு ஓடுகிறது? மடிக்கணினியில் ஓடும்போது அங்கே இருக்கும் சாவியைத்தான் அது பாவிக்கும். டெவலப்பர் அட்மின் என்றால் உதவியாளரும் அட்மின். அது வாசிக்கும் ஒரு கோப்புக்குள்ளோ லொக்குக்குள்ளோ யாராவது தீய கட்டளையை ஒளித்து வைத்திருந்தால், அதை அட்மின் அதிகாரத்தோடு நிறைவேற்றிவிடக் கூடும். அதற்கென்று தனி ரோல் கொடுங்கள். அந்த ரோலுக்கு ஏ.டபிள்யூ.எஸ். தயாராக வைத்திருக்கும் ‘ரீட் ஒன்லி அக்சஸ்’ பொலிசியைத்தான் பலரும் முதலில் எடுப்பார்கள். பெயர் பாதுகாப்பாகத் தெரிந்தாலும், அது பக்கெட்டுக்குள் இருக்கும் சம்பளக் கோப்புகளையும் வாசிக்க விடும். தனிப்பட்ட தரவுக்குத் தகுந்த பாதுகாப்பு வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்லும் நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல. ‘செக்யூரிட்டி ஒடிட்’ என்ற பொலிசி எந்த ரோல், எந்தப் பொலிசி, எந்தப் பக்கெட் என்ற அமைப்பு விபரத்தைக் காட்டும், கோப்பின் உள்ளடக்கத்தைத் திறக்காது. ரோல்களைச் சுருக்குகிற வேலைக்கு அது போதும்.