அப்பத்தாவோட பச்சை முட்டையும் என்னோட கரண்டி ஆம்லெட்டும்

மதுரையில டயட்டீஷியனா இருக்கேன், 14 வருஷம் ஆச்சு. புதுசா வர்றவங்களுக்கு ஒரு ஃபார்ம் குடுப்போம், அதுல "முட்டை, வாரத்துக்கு எத்தனை"ன்னு ஒரு கட்டம் இருக்கும். ஆரம்பத்துல நானும் அந்த நம்பரத்தான் பாத்துட்டு இருந்தேன். தினமும் ரெண்டுன்னு எழுதியிருந்தா, அது அவிச்ச முட்டையா, பரோட்டா கடையில சால்னா ஊத்தி அரைவேக்காட்டுலயே எடுக்கிற வழியலா, நல்லெண்ணெய் கலந்த பச்சை முட்டையான்னு தெரியாம அந்த நம்பர வச்சு என்ன பண்றது? இப்பல்லாம் முதல்ல கேக்குறதே "முட்டைய எப்படி சாப்புடுவீங்க"ன்னுதான். போன மாசம் சுகர் எவ்வளவு இருந்துச்சுன்னு கேட்டா வீட்டம்மா மூஞ்சிய பாக்குற ஆளு, இதுக்கு மட்டும் டக்குன்னு "ஆஃபாயில்தான் மேடம், பெப்பர் தூக்கலா, மஞ்சக்கரு உடையாம அப்படியே வாயில போட்டு உள்ளதான் உடையணும்"னு கையாலயே செஞ்சு காட்டுவாரு.

மாட்டுத்தாவணி பக்கம் ஒரு மண்டியில கணக்கு பாக்குற அண்ணன் ஒருத்தர் வந்தாரு, கிட்னி மாத்தி ஒன்றரை வருஷம் ஆயிருந்துச்சு. எண்ணெய் இல்ல, உப்பு குறைச்சல், எல்லாம் சுத்தமா இருந்தாரு. ஆனா ராத்திரி ஒரு மணிக்கு மண்டி முடிஞ்சு வரும்போது தள்ளுவண்டியில ரெண்டு ஆஃபாயில், அத மட்டும் அவர் ஃபார்ம்ல எழுதல, ஏன்னா அவருக்கு அது சாப்பாட்டுக் கணக்குலயே வரல. மாத்தி வச்ச கிட்னிய உடம்பு தள்ளிவிட்டுடக் கூடாதுன்னு எதிர்ப்பு சக்திய குறைக்கிற மாத்திரை சாப்பிடுறவரு அவரு, வேகாத முட்டை அவருக்கு ஆகவே ஆகாது.

காரணம் சால்மோனெல்லாங்கிற கிருமி. கோழியோட குடல்ல இருக்கும், ஓட்டு மேல ஒட்டியிருக்கும், சில சமயம் ஓடு உண்டாகுறதுக்கு முன்னாடியே முட்டைக்குள்ளயும் போயிருக்கும், அதனால மேல கழுவிட்டா சரியாப்போச்சுன்னு சொல்ல முடியாது. உள்ள வரைக்கும் 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினா செத்துரும். வெள்ளைக்கரு சுமார் 62 டிகிரியிலயே வெளுக்க ஆரம்பிச்சிரும், மஞ்சக்கரு கெட்டியாக 70 பக்கம் போகணும். அதாவது மஞ்சக்கரு கொழகொழன்னு ஓடுதுன்னா அங்க சூடு பத்தலன்னு அர்த்தம். தெர்மாமீட்டர் தேவையில்ல, கண்ணால பாத்தாலே தெரியும்.

உடனே ஆஃபாயில் சாப்பிடுற எல்லாரையும் பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க, நல்ல ஆரோக்கியமா இருக்கிற ஒருத்தர் நல்ல முட்டையில சூடா போட்டுக் குடுத்தத அப்பவே சாப்பிட்டா ஆபத்து கம்மிதான், நானே எப்பவாச்சும் சாப்பிடுவேன். ஆனா கர்ப்பிணிங்க, சின்னப் பிள்ளைங்க, 65 தாண்டுனவங்க, டயாலிசிஸ், கேன்சர் ட்ரீட்மெண்ட்ல இருக்கிறவங்க, இந்த அண்ணன் மாதிரி ஆளுங்க, இவங்களுக்கு ஆஃபாயில், கலக்கி, வழியல் மூணும் வேணாம். இதுல நான் விட்டுக் குடுக்கறதே இல்ல.

ஃபுல் பாயில் சாப்பிடுங்கண்ணேன்னு சொன்னா "அது ரப்பரு மேடம்"ங்குறாரு. அவர் சொல்றதும் நியாயம்தான், கடையில கல்லு கொதிக்கிற கொதியில திருப்பிப் போட்டு அமுக்குனா ரப்பராத்தான் வரும். வீட்டுல அடுப்ப சிம்ல வச்சு, முட்டைய உடைச்சு ஊத்தி, ஓரத்துல ஒரு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடி போடுங்க, மூணு நாலு நிமிஷத்துல ஆவியிலயே மஞ்சக்கருவும் கெட்டியாயிரும், ஆனா மெத்துன்னு இருக்கும், திருப்பவே வேணாம்னு சொன்னேன். மேல வெள்ளையா ஒரு படலம் மூடி மஞ்சள் மங்கலா தெரியும், அதான் பதம். இப்ப வீட்டுக்குப் போய்தான் சாப்புடுறாராம், மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டே.

2025 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல பச்சை முட்டையில செய்யற மயோனைஸ ஒரு வருஷத்துக்கு தடை பண்ணுனாங்கல்ல, அப்ப நிறைய பேரு "அடுத்து ஆஃபாயிலா மேடம்"னு கேட்டாங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல. மயோனைஸ் அடுப்பையே பாக்கல, அதோட கிண்ணத்துல மணிக்கணக்கா வெளிய இருக்கும், நம்மூரு வெயில்ல ஒரு கிருமி ஆயிரமாகறதுக்கு வேற என்ன வேணும். இதே கணக்குலதான் சில கடையில சாயங்காலமே இருபது முட்டைய உடைச்சு செம்புல ஊத்தி வச்சு அதுல மொண்டு மொண்டு ஆம்லெட் போடறதும் எனக்குப் புடிக்காது, அதுல ஒரு முட்டை கெட்டிருந்தா இருபதும் கெட்டுச்சு. உங்க முன்னாடி உடைக்கிற கடையா பாருங்க. கீறல் முட்டை விலை கம்மின்னு வாங்காதீங்க. வயித்தால போக ஆரம்பிச்சா நேத்து சாப்பிட்ட பிரியாணி மேல பழி போடாதீங்க, இந்தக் கிருமி 6 மணி நேரத்துலயும் வேலையக் காட்டும், 6 நாள் கழிச்சும் காட்டும். ஓ.ஆர்.எஸ். குடிங்க, ரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் ஏறினாலோ ஒன்னுக்குப் போறது குறைஞ்சாலோ ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

சரி, அப்பத்தா கதைக்கு வர்றேன்.

உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு அம்மா பன்னெண்டு வயசுப் பிள்ளையக் கூட்டிட்டு வந்தாங்க, கூடவே அப்பத்தாவும். பிள்ளை வயசுக்கு வந்து இருபது நாள், தாய்மாமன் ஒரு அட்டை நிறைய நாட்டுக்கோழி முட்டை கொண்டாந்து இறக்கியிருக்காரு, தினமும் விடியக்காலையில வெறும் வயித்துல பச்சை முட்டைய உடைச்சு, அந்த ஓட்டுலயே நல்லெண்ணெய் ஊத்தி வாயில கவுத்து விடறது. பிள்ளை ஒரு வாரமா வாந்தி, இப்ப முட்டைன்ற வார்த்தைய கேட்டாலே குமட்டுது, ஸ்கூல்ல சத்துணவுல வாரம் அஞ்சு நாளும் குடுக்கிற அவிச்ச முட்டையக் கூட தொடறதில்ல. முன்னாடி அத ஆசையா சாப்பிட்டுட்டு இருந்த பிள்ளை.

"இடுப்பெலும்பு பலப்படணும்ல தாயி, நாங்கெல்லாம் அப்படித்தான குடிச்சோம், ஏன் ஒங்காத்தா ஒனக்குக் குடுக்கலயாக்கும்?"னாங்க அப்பத்தா.

குடுத்தாங்கதான். எட்டாங்கிளாஸ் படிக்கிறப்ப மூக்கப் பொத்திக்கிட்டு முழுங்கியிருக்கேன், அந்த வெள்ளைக்கரு தொண்டையில பாதி உள்ளயும் பாதி வெளியவுமா தொங்குமே, உதட்டுல எண்ணெய் பிசுபிசுன்னு, பின்னாடியே உளுந்தங்களியோட அம்மா நிக்கும். அந்த வயசுல சத்து வேணும்னு நம்ம பெரியவங்க கண்டுபிடிச்சது ரொம்ப சரி, உளுந்து, முட்டை, நல்லெண்ணெய் மூணுமே நல்ல சாமான், வேக வைக்காம விட்டதுதான் தப்பு. 1998ல வந்த ஒரு பெல்ஜியம் ஆராய்ச்சி, அஞ்சே பேர வச்சு செஞ்ச சின்ன ஆராய்ச்சிதான், அதுல வெந்த முட்டையோட புரதம் 91 சதவீதம் செரிச்சிருக்கு, பச்சை முட்டையில 51தான். அதாவது மாமன் கொண்டாந்த சீர்ல பாதிக்குப் பாதி வீணாப் போகுது. ஜிம்முல ஆறு பச்சை முட்டைய ஒரே மடக்குல குடிக்கிற தம்பிகளுக்கும் இதேதான், வெள்ளைக்கருவுல இருக்கிற அவிடின் அப்படிங்கிற ஒரு பொருள் பயோட்டின் அப்படிங்கிற வைட்டமின உடம்பு எடுத்துக்க விடாது, வேக வச்சாத்தான் அது அடங்கும்.

இந்த கணக்கெல்லாம் அப்பத்தாகிட்ட சொன்னா எடுபடுமா. நான் ஒண்ணுதான் கேட்டேன், "அப்பத்தா, வீட்டுல குழிக்கரண்டி இருக்கா?"

இரும்புக் கரண்டிய அடுப்பு மேலயே காட்டி, நல்லெண்ணெய் ஊத்தி, சின்ன வெங்காயம் ரெண்ட பொடியா நறுக்கிப் போட்டு சிவக்க விட்டு, மிளகு உப்பு போட்டு அடிச்ச முட்டைய ஊத்துனா அது புஸ்ஸுன்னு பன்னு மாதிரி எந்திரிச்சு வரும், திருப்பிப் போட்டு நடுவுல குச்சியால குத்திப் பாத்தா ஈரம் ஒட்டக் கூடாது. மதுரைக்காரங்களுக்கு கரண்டி ஆம்லெட்ட நான் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. நாட்டுக்கோழி முட்டையும் இருக்கு, நல்லெண்ணெயும் இருக்கு, அப்பத்தா கை மருந்தும் அப்படியே இருக்கு. அப்பத்தா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "எண்ணெ கொறையக் கூடாது"ன்னாங்க. சரின்னுட்டேன்.

இன்னொரு வகை இருக்காங்க, அவிச்ச முட்டை நாறுதுன்னு சொல்றவங்க. பெரும்பாலும் அவங்க வீட்டுல குக்கர்ல அரிசியோட சேத்து முட்டையப் போட்டு நாலு விசில் விடுவாங்க. ரொம்ப வெந்தா வெள்ளைக்கருவுல இருக்கிற கந்தகமும் மஞ்சக்கருவோட இரும்பும் சேந்து சுத்தி பச்சையா ஒரு வளையம் வரும், அந்த வாடையும் கந்தகம்தான். கெடுதல் இல்ல, ஆனா யாருக்குப் புடிக்கும்? கொதிச்சதுக்கப்புறம் சிம்ல 10, 12 நிமிஷம், எடுத்து உடனே பச்சத்தண்ணியில போட்டுருங்க. மஞ்சக்கருவ தூக்கிப் போடறவங்களும் ஒரு நிமிஷம் நில்லுங்க, ஏ, டி, பி12 எல்லாம் அதுலதான் இருக்கு, முட்டையோட புரதத்துல நாப்பது சதவீதத்துக்கு மேல அதுலதான். கொலஸ்ட்ரால் ஒரு முட்டைக்கு 186 மில்லிகிராம் வரும், சுகரோ ஹார்ட் பிரச்சனையோ இருந்தா எத்தனைன்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாருன்னு வேணாம்.

ரெண்டு வாரம் கழிச்சு அந்த அம்மா ஃபோன் பண்ணாங்க. பிள்ளை சாப்புடுறாளாம், ஸ்கூல் முட்டையையும் திரும்ப சாப்பிட ஆரம்பிச்சிட்டாளாம். அட்டையில முட்டை மிச்சம் ஏதாச்சும் இருக்கான்னு சும்மா கேட்டேன். "எங்க மேடம், தினம் ஒண்ணு அத்தைதான் ஒடச்சு பச்சையா ஊத்திக்கிறாக, பிள்ளைக்கு வேணாம்னா எனக்கென்னன்னு."

அப்பத்தாவுக்கு வயசு எழுபத்திரெண்டு. அடுத்த வாட்டி வரும்போது அவங்களுக்கும் ஒரு ஃபார்ம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்.