225 கிலோ தலைக்கு மேல் போவது எப்படி?

பளுதூக்குதலில் இரண்டு வகை உண்டு. அதில் ஒன்றான ஸ்னாட்ச்சில், இரு முனையிலும் எடைத் தட்டுகள் மாட்டிய எஃகுத் தண்டான பாரைத் தரையிலிருந்து எடுத்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் நிறுத்த வேண்டும். பார்ப்பவர்களுக்கு மின்னல் வெட்டியது போல இருக்கும். அளந்து பார்த்தால் கதை வேறு. பெரிய வீரர்களின் கையில்கூடப் பாரின் உச்ச வேகம் நொடிக்கு 1.7 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. நாம் அவசரமாக நடக்கும் வேகம் அது.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்கு போடலாம். அந்த வேகத்தில் மேலே போகும் ஒரு பொருளை அதற்கு மேல் யாரும் தள்ளாவிட்டால், இன்னும் 15 சென்டிமீட்டர் ஏறும். அதற்கு 0.17 நொடி பிடிக்கும். அப்புறம் விழத் தொடங்கிவிடும். வீரர் உடம்பை முழுக்க நிமிர்த்தி முடிக்கும்போது பார் இடுப்பைத்தான் தாண்டியிருக்கிறது. அதோடு இந்த 15 சென்டிமீட்டரைச் சேர்த்தாலும் நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். மிச்ச உயரத்தை பார் ஏறிக் கடப்பதில்லை. வீரர்தான் அதற்கு அடியில் புகுந்து ஈடுகட்டுகிறார்.

முதலில் அந்த 1.7 மீட்டர் வேகம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தரையிலிருந்து முழங்கால் வரை இழுப்பு நிதானமாகத்தான் போகும். அங்கே அவசரப்பட்டால் பார் உடம்பை விட்டு முன்னால் விலகிவிடும். பார் முழங்காலைத் தாண்டியதும் ஒரு விசித்திரம் நடக்கிறது. அதுவரை நிமிர்ந்துகொண்டிருந்த முழங்கால்கள் மறுபடி லேசாக மடங்கி, பாருக்கு அடியில் வந்து நுழைகின்றன. வீடியோவை மெதுவாக ஓட்டினால்தான் கண்ணுக்குத் தெரியும். இந்த மடக்கு தொடைத் தசையை ஒரு கணம் இழுத்து நீட்டுகிறது. நீண்ட மறுகணமே சுருங்கும் தசைக்கு விசை கூடுதல். அந்த விசையில் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் ஒன்றாக வெடித்து நிமிர்கின்றன. முழுத் தூக்கிலும் அதிகத் திறன் வெளிப்படுவது இந்தக் கண நேரத்தில்தான். கைகளுக்கு இதுவரை பாரை உடம்போடு கட்டி வைத்திருக்கும் கயிறு வேலைதான்.

கைகளுக்கு வேலை வருவது இனிமேல். நிமிர்ந்து நிற்கும் மனிதர் ஆழமான குந்துநிலைக்குப் போக இடுப்பு அரை மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். சும்மா விழுந்தால் 0.17 நொடியில் புவியீர்ப்பு 14 சென்டிமீட்டர்தான் இறக்கிவிடும். போதவே போதாது. ஆகவே வீரர் பாரைப் பிடித்து இழுத்துத் தன்னைத்தானே கீழே செலுத்திக்கொள்கிறார். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இருவர் மீதும் விசை ஒன்றுதான். கனம் குறைந்தவர் அதிகம் நகர்வார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் துருக்கியின் நயிம் சுலைமானோலு 152.5 கிலோ ஸ்னாட்ச் செய்தார். பாரின் எடை அவர் எடையைப் போல இரண்டரை மடங்கு. அந்த இழுப்பில் பார் சற்றே மேலே போக, அவர் அதைப் போல இரண்டரை மடங்கு வேகம் பெற்றுக் கீழே போவார். பாரின் கனமே நல்ல பிடிமானமாகிவிடுகிறது என்பதுதான் இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அப்படிப் போய்ப் பிடிக்கும்போது முழங்கை பூட்டியிருக்க வேண்டும். மடங்கிப் பிடித்து, பிறகு தள்ளி நிமிர்த்தினால் மூன்று நடுவர்களில் பெரும்பான்மை சிவப்பு விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

இன்னொரு வகையான கிளீன் அண்ட் ஜெர்க்கில் தூக்கு இரண்டு கட்டமாக நடக்கும். கிளீன் என்ற முதல் கட்டத்தில் பார் தோள்வரை வந்தால் போதும். அதற்கும் வீரர் குந்தித்தான் பிடிக்கிறார் என்பதால் பார் ஏற வேண்டிய உயரம் குறைவு, ஏற்றக்கூடிய எடை அதிகம். ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 2021 தாஷ்கண்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஸ்னாட்ச்சில் 225, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 267 தூக்கினார். முதலாவது இரண்டாவதில் 84 சதவீதம். மேல்மட்ட வீரர்கள் பலருக்கும் இது 80-க்கும் 85-க்கும் இடையில்தான் நிற்கும்.

தோளிலிருந்து தலைக்கு மேல் ஏற்றும் ஜெர்க்கில் இன்னொரு கூட்டாளி உண்டு: பாரின் எஃகு. ஆண்களுக்கான பார் 2.2 மீட்டர் நீளம், பிடிக்கும் இடத்தில் 28 மில்லிமீட்டர் தடிமன். வீரர் முழங்காலைச் சற்று மடக்கி இறங்கி நிற்கும்போது இரு முனைத் தட்டுகளும் இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கும். பார் வில்லாக வளையும். அது மீண்டு எழும் கணத்தில் சேர்ந்து உதைத்தால் பாதிச் சுமை தானே ஏறுவது போலிருக்கும். ஒரு கணம் தவறினால் அதே வில் எதிரியாகிவிடும்.

சரி, எடைப்பிரிவு எதற்கு? தசையின் விசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, எடையோ கன அளவைப் பொறுத்தது. உடம்பு எட்டு மடங்கு கனத்தால் பலம் நான்கு மடங்குதான் கூடும். சியோலில் இரு வகையும் சேர்ந்து சுலைமானோலுவின் மொத்தம் 342.5 கிலோ, உடல் எடையைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல். 170 கிலோவுக்கு மேல் கனத்த தலகாட்ஸேயின் 492 அப்போது உலக சாதனைதான், ஆனால் அவர் எடைக்கு மூன்று மடங்குகூட இல்லை. ஆனாலும் கனத்தவர் தூக்கும் எடை மொத்தத்தில் கூடுதல் என்பதால்தான் பிரிவுகள். அதே காரணத்தால் பலரும் தசை குறையாமல், பிரிவின் மேல் எல்லைக்கு ஒட்டி நிற்கப் பார்க்கிறார்கள்.

மேடையில் பாரின் எடை ஏறுமே தவிர இறங்காது. குறைந்த எடை கேட்டவர் முதலில் வருவார், ஒவ்வொருவருக்கும் வகைக்கு மூன்று வாய்ப்பு. ஆகவே முதல் எடையைப் பெரிதாகக் கேட்டுவிட்டால் பின்வாங்க வழியில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 73 கிலோ பிரிவில் சீனாவின் ஷி ஜியோங் ஸ்னாட்ச்சில் 165 தூக்கி, இந்தோனேசியாவின் ரிஸ்கி ஜூனியான்ஸ்யாவைவிட 10 கிலோ முன்னால் இருந்தார். கிளீன் அண்ட் ஜெர்க்கை 191-இல் தொடங்கினார். டோக்கியோவில் 198 தூக்கியவர்தான். மூன்று முறையும் தவறியது. ஜூனியான்ஸ்யா 199 தூக்கி மொத்தம் 354-உடன் தங்கம் வாங்கினார். இரண்டாம் வகையில் எதுவும் தூக்காததால் மொத்தமே இல்லாமல் போய், ஷி பட்டியலிலேயே இல்லை. உலகச் சாம்பியன்ஷிப்பாக இருந்திருந்தால் ஸ்னாட்ச்சுக்கென்று தனிப் பதக்கம் உண்டு, அந்த 165-க்குத் தங்கமே கிடைத்திருக்கும். ஒலிம்பிக்கில் மொத்தத்துக்கு மட்டும்தான் பதக்கம்.