பலமான அணி ஏன் கோப்பையைத் தவறவிடுகிறது?

2024 டிசம்பரில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள கேரி நகரில் கல்லூரி ஆண்கள் கால்பந்தின் தேசிய இறுதி ஆட்டம் நடந்தது. தரநிலை (பலத்தின்படி முன்னதாகத் தரப்படும் வரிசை எண்) பெறாத வெர்மான்ட் பல்கலைக்கழகம், மார்ஷல் பல்கலைக்கழகத்தை 2-1 என்று வீழ்த்தி முதன்முறையாகப் பட்டம் வென்றது. அதிசயம் என்றே சொல்லத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்தப் போட்டியின் அமைப்பே இப்படிப்பட்ட முடிவுகளுக்கு இடம் கொடுக்கிறது.

1959-இல் தொடங்கிய இந்தப் போட்டியில் இப்போது 48 அணிகள். முதல் 16 தரநிலை அணிகள் நேரடியாக இரண்டாம் சுற்றுக்குப் போகும். மற்ற 32 அணிகள் முதல் சுற்றில் மோதும். ஒரு தோல்வியோடு கதை முடிந்துவிடும். ஆக, தரநிலை பெற்ற அணிக்கு ஐந்து வெற்றி வேண்டும், மற்றவர்களுக்கு ஆறு.

கால்பந்தில் கோல் விழுவது அரிது. அரிதான நிகழ்வு எத்தனை முறை நேரும் என்று கணிக்கக் கணிதத்தில் பாய்சான் பரவல் இருக்கிறது. ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 1.5 கோலும், எதிரணி 1 கோலும் அடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். பலமான அணி 90 நிமிடத்துக்குள் வெல்லும் வாய்ப்பு 49 சதவீதம்தான். சமனில் முடிய 26, பலவீனமான அணி வெல்ல 25. சமனான ஆட்டங்களில் பாதியைத் தன் பக்கம் திருப்பினாலும் 62 சதவீதம்தான் தேறும். அதே வாய்ப்போடு ஐந்து ஆட்டங்களையும் தொடர்ந்து வெல்ல வேண்டுமே! 0.62-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது ஏறத்தாழ 9 சதவீதம். மோதும் ஒவ்வொரு அணியையும்விடப் பலமான அணிக்கே இந்த நிலை. நூறு புள்ளிகளைத் தாண்டும் கூடைப்பந்தில் அதிர்ஷ்டம் கரைந்துபோகும். இரண்டே கோலில் அது அப்படியே தங்கிவிடுகிறது.

சமனை உடைப்பதும் எளிதல்ல. கூடுதல் நேரம் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு பகுதி. மேலே சொன்ன சராசரிப்படி அந்த 20 நிமிடத்தில் ஒரு கோல்கூட விழாமல் போக 57 சதவீத வாய்ப்பு உண்டு. பெனால்டி இல்லாமல் முடிவு காண நினைத்தால் என்ன ஆகும் என்பதை 1985 இறுதி ஆட்டம் காட்டியது. யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்), அமெரிக்கன் பல்கலைக்கழகம் என்ற அணியை 1-0 என்று வெல்ல எட்டுக் கூடுதல் பகுதிகள், மொத்தம் 166 நிமிடங்கள் ஆயின. 1989-இல் நியூ ஜெர்சியின் டிசம்பர் குளிரில் 1-1 என்று நின்ற சாண்டா கிளாராவும் வர்ஜீனியாவும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன.

இன்று அப்படி நடக்காது. கூடுதல் நேரம் முடிந்ததும் பெனால்டிதான். வெர்மான்ட் அரையிறுதியில் டென்வரை அப்படித்தான் தாண்டியது. இறுதி ஆட்டத்தில் அதன் வெற்றி கோல் விழுந்தது 95-ஆவது நிமிடத்தில்.