கேட்வே: நுழைவாயிலா, வாயிலா?

பினாங்கில் பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைகளின் மின்பேனல்களில் வேலை பார்க்கும் தமிழர்களுக்குக் 'கேட்வே' அன்றாடச் சொல். 'கேட்வேயில் அட்ரஸ் மாறியிருக்கிறது', 'கேட்வே சிவப்பு காட்டுகிறது' என்று அவர்கள் பேசும்போது சுட்டுவது, ஒரு நெறிமுறையில் (கருவிகள் செய்தி பரிமாறும் விதித்தொகுப்பில்) பேசும் பி.எல்.சி. என்ற இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினிக்கும், வேறொரு நெறிமுறையில் பேசும், மோட்டார்களை ஓட்டி நிறுத்தும் ஸ்டார்ட்டர்களுக்கும் நடுவே நின்று செய்தியை மாற்றித் தரும் சிறு பெட்டியை. தமிழ்க் கணினிச் சொற்பட்டியல்கள் இதற்கு 'நுழைவாயில்' என்று தருகின்றன. அச்சொல் பிழையன்று, ஆயினும் இந்தக் கருவிக்கு அது அரைப் பொருத்தமே.

ஆங்கிலத்தில் வாயிற்கதவையும் வழியையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்தது 'கேட்வே'. மதிலை ஊடறுத்துச் செல்லும் வழி என்பது அதன் நேர்ப்பொருள். விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், தனித்தனி வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவியை இப்பெயரால் அழைத்தார்கள். பின்னாளில் ரௌட்டர் என்ற பெயர் பெற்றது ஏறத்தாழ அக்கருவிதான். நம் கணினிகளின் வலையமைப்புப் பக்கத்தில் 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரி இன்றும் அந்தப் பழைய பொருளிலேயே நிற்கிறது. உள்ளே வரவும் வெளியே போகவும் வழிவிடும் அந்தக் கருவிக்கு 'நுழைவாயில்' நன்றாகவே பொருந்தும்.

தொழிற்சாலைக் கேட்வேயின் வேலை வேறு. மேற்புறம் புரோஃபிபஸ் என்ற தொழிற்சாலை வலையமைப்பில் பி.எல்.சி. இருக்க, கீழ்ப்புறம் மோட்பஸ் கம்பியில் எட்டு ஸ்டார்ட்டர்கள் இணைந்திருக்கின்றன என்று கொள்வோம். மோட்பஸ் என்பது 1979-இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை. அதன் தொடர்கம்பி வடிவத்தில் கேட்பவர் ஒருவர், கேட்டால் மட்டும் பதில் தருபவர் பலர், பதில் தரும் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 247 வரையிலான எண்களுள் ஒன்று முகவரி. (ஆண்டான், அடிமை என்று பொருள்படும் பழைய பெயர்களை மோட்பஸ் அமைப்பு 2020-இல் கைவிட்டது. நல்லதே.) கேட்வே மேலே பதில் தருபவராகவும் கீழே கேட்பவராகவும் ஒரே வேளையில் இரு வேடம் பூணுகிறது. ஸ்டார்ட்டர்களிடம் முறைவைத்து நிலை கேட்டு, விடைகளைத் தன் நினைவகத்தில் உரிய இடங்களில் அடுக்கிவைக்கிறது, பி.எல்.சி. படிப்பது அந்த நினைவகத்தைத்தானே தவிர, அது ஸ்டார்ட்டரோடு நேரே பேசுவதே இல்லை.

கேட்வேயை அமைப்பதன் பெரும்பகுதி, ஸ்டார்ட்டரின் எந்தப் பதிவகத்தின் (மதிப்பைத் தாங்கும் எண்ணிட்ட இடத்தின்) மதிப்பு கேட்வே நினைவகத்தின் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று எழுதிவைப்பதே. எடுத்துக்காட்டாக, ஷ்னைடர் நிறுவனத்தின் டெசிஸ் யூ வகை ஸ்டார்ட்டரில் 455-ஆம் பதிவகம் நிலையைச் சொல்கிறது, 704-ஆம் பதிவகம் கட்டளையை ஏற்கிறது. முகவரி சரியாக இருந்து, வேகமும் பேரிட்டி என்ற பிழைகாணும் அமைப்பும் எல்லாக் கருவிகளிலும் ஒத்திருந்தும் மோட்டார் ஓடாமல் நிற்பதுண்டு. அப்போது பைட்டுகளின் வரிசையைப் பார்க்க வேண்டும்: மோட்பஸ் பதிவகத்தின் இரு பைட்டுகளில் உயர்மதிப்புள்ளதை முதலில் அனுப்பும், மேலிருந்து வருவது இடம் மாறியிருந்தால், மோட்டாரை முன்திசையில் ஓட்டுவதற்காக எழுதிய 1 என்ற எண் ஸ்டார்ட்டரிடம் 256 ஆகப் போய்ச் சேரும். தொடர்பு அறுந்தால் மோட்டாரை நிறுத்துவதா, ஓடவிடுவதா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும்; இது பம்புக்கு ஒரு விதம், கன்வேயருக்கு வேறு விதம்.

இப்படி இருபுறமும் பேசி நடுவில் நிற்கும் ஒன்றுக்கு 'நுழை' என்ற முன்னொட்டு எதற்கு? 'வாயில்' மட்டுமே போதும் என்பது என் கருத்து. இல்லத்தின் வாய் என்ற பொருளில் 'இல்வாய்' என்பதே முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று என்று இலக்கண நூலார் கூறுவர். பேச்சில் அது 'வாசல்' ஆனது. இதனினும் முக்கியமானது அகப்பொருள் இலக்கணத்தில் இச்சொல் பெற்ற பொருள். தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சொல் கொண்டு செல்வோரைத் தொல்காப்பியக் கற்பியல் 'வாயில்கள்' என்றே வழங்குகிறது: தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் என்று பன்னிருவர். பாணன் கேட்டதைக் கேட்டபடியே ஒப்பிப்பவன் அல்லன். கேட்பவர் ஏற்கும்படி மாற்றிச் சொல்பவன். கேட்வே பார்க்கும் வேலையும் இதுவே. ஆங்கிலச் சொல்லில் கதவும் வழியும் மட்டுமே இருக்க, நம் சொல்லில் தூதும் சேர்ந்திருக்கிறது.

எந்த இரு நெறிமுறைகளுக்கு இடையே என்பதையும் சேர்த்து 'மோட்பஸ்–புரோஃபிபஸ் வாயில்' என்று எழுதினால், வீட்டு வாசலோடு குழப்பம் வராது. பொதுவாகச் சொல்ல நேரும் இடங்களில் 'நெறிமுறை வாயில்' எனலாம். ஸ்டார்ட்டருக்குத் 'தொடக்கி' என்ற சொல் முன்னரே புழக்கத்தில் உள்ளது. அமைப்பதைக் குறிக்க 'அமைவடிவாக்கம்' போன்ற நீண்ட சொற்கள் வேண்டாம். 'வாயிலை அமைத்தல்' என்றாலே பேனல் முன் நிற்பவருக்கு விளங்கும்.